மினிக் காரின் இரு தலைமுறைகள்

கல்முனையை அடுத்த நற்பிட்டிமுனையில் மினிக் கார் வாங்க விழையும் நேயர் ஒருவர், பழையதா புதியதா எனத் தயங்குவாராயின், அதன் வரலாறே விடை பகரும்.

1956ஆம் ஆண்டின் சூயஸ் நெருக்கடி பெற்றோல் பஞ்சத்தை விளைத்தது. அதனை எண்ணி அலெக் இசிகோனிஸ் அமைத்த மினி 1959இல் வெளிவந்தது. இயந்திரத்தைக் குறுக்காக வைத்து முன்சக்கரங்களை இயக்கியமையால், பத்தடி நீளத்துள் நால்வர் அமர இடங்கிடைத்தது. 1961இல் தோன்றிய மினி கூப்பர், மொண்டே கார்லோ ஓட்டத்தில் 1964, 1965, 1967ஆம் ஆண்டுகளில் வாகை சூடியது. பழைய மினியின் உற்பத்தி 2000இல் நின்றது, பி.எம்.டபிள்யூ. நிறுவனத்தின் புதிய மினி 2001இல் வந்தது.

பழையதை ஊர்த் திருத்துநரே செப்பனிடுவர். ஆயினும் உப்புக்காற்று அதன் தகட்டை அரிக்கும். புதியதன் கோளாற்றை அறியக் கணினிக் கருவி வேண்டும். ஆனால் மோதலில் அது உயிர் காக்கும்.

ஆகவே, பழையதை விரும்புவோர் இயந்திர ஓசையில் மயங்குமுன் குனிந்து அடித்தகட்டைப் பார்த்தல் வேண்டும். பிள்ளைகளை ஏற்றிச் செல்வோர்க்குப் புதியதே தகும்.