செங்கல்பட்டு வட்டாரத்தில் கிறிஸ்தவ அனுதின ஜெபமும் வேத வாசிப்பும்

கிறிஸ்தவர்கள் நாள்தோறும் வேதாகமத்தில் ஒரு பகுதியைப் படித்து, அதைத் தியானித்து, ஜெபம் செய்யும் வழக்கமே அனுதின ஜெபமும் வேத வாசிப்பும். புரொட்டஸ்டன்ட் சபையார் இதை வீட்டார் கூடிச் செய்தால் குடும்ப ஜெபம் என்றும், ஒருவர் தனித்திருந்து செய்தால் தனி ஜெபம் என்றும் சொல்வர். கத்தோலிக்கர் 'செபம்' என்று எழுதுவர். காலை மாலைச் செபம், செபமாலை, விவிலிய வாசிப்பு ஆகியவை அவர்களுடைய வழக்கில் அடங்கும். செங்கல்பட்டிலும் மாமல்லபுரத்தை ஒட்டிய கடற்கரையிலும் இவ்வழக்கம் வேரூன்றிய வரலாறு, வேதம் மக்களின் மொழிக்கும் பிறகு அவர்களின் கைக்கும் வந்து சேர்ந்த வரலாறாகும்.

கல்லில் ஒரு வேண்டுதல்

பழைய செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்திருந்த பரங்கிமலையில், திருத்தூதர் தோமா கி.பி. 72இல் உயிர்த்தியாகம் செய்தார் என்பது மரபு. அங்கே 1547இல் போர்த்துகீசியர் மண்ணைத் தோண்டியபோது கற்சிலுவை ஒன்று கிடைத்தது. அதைச் சுற்றிப் பாரசீகத்தின் பகலவி எழுத்தில் ஒரு வரி ஓடுகிறது. அதை அறிஞர்கள் பலவாறு வாசித்திருந்தாலும், ஒரு மனிதர்மேல் இரக்கம் வைக்கும்படி கிறிஸ்துவிடம் கேட்கும் வேண்டுதல் என்ற வாசிப்பு இன்று வலுவாக நிற்கிறது. இவ்வட்டாரத்தில் கிடைத்த மிகப் பழைய கிறிஸ்தவ எழுத்து ஒரு ஜெபமாக இருப்பது கருதத்தக்கது. ஆனால் அம்மொழி கடல் கடந்து வந்தவர்களின் மொழி. மலையடிவாரத்து ஊரார் படிக்கக்கூடியது அன்று.

கடற்கரையில் செபமாலை

மாமல்லபுரத்துக்கு வடக்கே கோவளத்தில் வணிகர் ஜான் டி மான்டி 1808இல் கார்மேல் மாதா ஆலயத்தைக் கட்டினார். அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டதும் கோவளத்து ஆலயத்திலேயே.

எழுத்தறியாத குடும்பங்களுக்கு அன்று செபமாலையே புத்தகமாக இருந்தது. மணியை உருட்டியபடி, இயேசுவின் பிறப்பு, பாடு, உயிர்ப்பு ஆகிய நிகழ்ச்சிகளை மனத்தில் நிறுத்திச் செபிக்கும் முறை அது. மனப்பாடம் செய்த செபங்களைத் தாய் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்தாள். இந்தியாவில் முதலில் அச்சேறிய தமிழ் நூலும் இத்தகைய செபங்களையும் போதனைகளையும் கொண்டதே: என்றீக்கே என்றீக்கசு அடிகளார் உருவாக்கிய 'தம்பிரான் வணக்கம்' 1578இல் கொல்லத்தில் அச்சானது.

தமிழ் வேதாகமம்

தரங்கம்பாடியில் 1706இல் வந்திறங்கிய பார்த்தலோமேயு சீகன்பால்க் புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கினார். அது 1715இல் அச்சிட்டு முடிந்தது. அவருக்குப் பின் பெஞ்சமின் சூல்ட்சு பழைய ஏற்பாட்டை நிறைவு செய்து, சென்னையில் மிஷன் பணியைத் தொடங்கினார். 1742இல் சென்னைக்கு வந்த யோகான் பிலிப் பப்ரிசியஸ், வேப்பேரியில் பல்லாண்டுகள் அமர்ந்து மொழிபெயர்ப்பைச் செப்பனிட்டார். அவருடைய புதிய ஏற்பாடு 1772இல் வெளிவந்தது. அந்த அடித்தளத்தில் ஹென்றி பவர் தலைமையிலான குழு செய்த திருத்தம் 1871இல் முழு வேதாகமமாக வந்தது. இன்றும் பெரும்பாலான புரொட்டஸ்டன்ட் வீடுகளில் குடும்ப ஜெபத்துக்கு எடுக்கப்படுவது அந்த நடைதான்.

ஸ்காட்லாந்து மிஷனும் குடும்ப ஜெபமும்

சென்னைக்கு 1837இல் வந்து பள்ளி தொடங்கிய ஸ்காட்லாந்து மிஷனரி ஜான் ஆண்டர்சனும் அவருடைய தோழர்களும் 1839இல் காஞ்சிபுரத்திலும் 1840இல் செங்கல்பட்டிலும் கிளைப் பள்ளிகளை ஏற்படுத்தினர். ஆண்டர்சனின் பள்ளியே பின்னர் சென்னைக் கிறித்தவக் கல்லூரியாக வளர்ந்து, 1937இல் தாம்பரத்துக்குக் குடிபெயர்ந்தது.

இம்மிஷனரிகள் தங்கள் நாட்டிலிருந்து ஓர் ஒழுங்கையும் உடன் கொண்டுவந்தனர். ஸ்காட்லாந்துத் திருச்சபை 1647லேயே குடும்ப ஆராதனைக்கென விதிமுறை வகுத்திருந்தது. 1842இல் டண்டீ நகரப் போதகர் ராபர்ட் மரே மக்செய்ன், நாளுக்கு நான்கு அதிகாரமாகப் படித்து ஓராண்டில் பழைய ஏற்பாட்டை ஒரு முறையும், புதிய ஏற்பாட்டையும் சங்கீதங்களையும் இரு முறையும் முடிக்கும் அட்டவணையை வெளியிட்டார். வீட்டுத் தலைவர் வீட்டாரைக் கூட்டி வேதம் வாசிக்க வேண்டும் என்ற இந்த மரபுக்கும், விளக்கேற்றிக் கும்பிடும் தமிழ் வீட்டுக்கும் தூரம் அதிகமில்லை. வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) போன்றோரின் கீர்த்தனைகள் சேர்ந்தபோது, குடும்ப ஜெபம் முழுவதும் தமிழ் வழிபாடாயிற்று.

நிலமும் எழுத்தும்

வேதம் படிக்க எழுத்து தெரிய வேண்டும். பள்ளிக்குப் போகப் பிள்ளை பண்ணை வேலையிலிருந்து விடுபட வேண்டும். இதைச் செங்கல்பட்டில் நேரில் கண்டவர் ஸ்காட்லாந்து மிஷனின் ஆடம் ஆண்ட்ரு. நிலமற்ற பறையர் சமூகத்தார் புறம்போக்கு நிலம் கேட்டுக் கொடுத்த மனுக்களுக்குத் துணை நின்று, அவர்களின் நிலையை அரசுக்கு எடுத்துரைத்தார். செங்கல்பட்டு ஆட்சியர் டிரெமென்ஹீர் 1891இல் எழுதிய அறிக்கையும் அதையொட்டி 1892இல் பிறந்த அரசாணையும், பின்னாளில் பஞ்சமி நிலம் எனப் பெயர்பெற்ற நில ஒதுக்கீட்டுக்கு வழிகோலின. சிங்கப்பெருமாள் கோவில் பக்கத்தில் ஆண்ட்ரு 1893இல் உருவாக்கிய மெல்ரோசாபுரம் குடியிருப்பு, சொந்த உழவும் பள்ளியும் ஜெபமும் ஒரே இடத்தில் அமைந்த முயற்சி. பிறர் படிக்கக் கேட்டவர்களின் பிள்ளைகள் தாங்களே எழுத்துக்கூட்டிப் படிக்கும் நிலைக்கு வந்ததே இப்பகுதியின் வேத வாசிப்பு வரலாற்றில் பெரிய திருப்பம்.

ஜெபமும் சேவையும்

செங்கல்பட்டை அடுத்த திருமணியில் ஸ்காட்லாந்து மிஷன் நடத்திய லேடி வில்லிங்டன் தொழுநோய் இல்லத்தில் மருத்துவர் ராபர்ட் காக்ரேன் பணியாற்றினார். அவரைப் பார்க்க வேலூரிலிருந்து வந்த மருத்துவர் பால் பிராண்ட், நோயாளிகளின் மடங்கிப்போன கைகளைக் கண்டதே அக்கைகளைச் சீராக்கும் அறுவை சிகிச்சைக்கு வித்தானது. இருவரும் தம் மருத்துவத்தை விசுவாசத்தின் பகுதியாகவே கொண்டவர்கள். அந்த இல்லம் 1955இல் மத்திய அரசின் தொழுநோய்ப் பயிற்சி, ஆராய்ச்சி நிறுவனமாயிற்று.

1938 டிசம்பரில் தாம்பரம் கல்லூரியில் நடந்த உலக மிஷனரி மாநாட்டுக்குப் பல நாடுகளிலிருந்து 400க்கும் மேற்பட்டோர் வந்தனர். கிறிஸ்தவம் இந்திய மண்ணில் எந்த முகத்தோடு வாழ வேண்டும் என்ற விவாதத்தை அதே ஆண்டில் வெ. சக்கரை, பா. செஞ்சையா முதலிய சென்னைச் சிந்தனையாளர்கள் கூர்மையாக எழுப்பினர். ஏ. ஜே. அப்பாசாமி கிறிஸ்தவ வாழ்வைப் பக்தி மார்க்கமாக விளக்கி 1927லேயே நூல் எழுதியிருந்தார். இவர்களால் அன்றாட ஜெபம் தமிழ் பக்தி மரபோடு சேர்த்து எண்ணப்பட்டது.

கத்தோலிக்கர் விவிலிய வாசிப்பு

இரண்டாம் வத்திக்கான் சங்கம் (1962–1965) திருப்பலியில் மக்கள் மொழிக்கு இடமளித்தது. விவிலியத்தை விசுவாசிகள் அனைவரும் படிக்க ஊக்குவித்தது. செங்கல்பட்டுக்குத் தெற்கே திண்டிவனத்தில் இயங்கும் தமிழக விவிலிய, மறைக்கல்வி, திருவழிபாட்டு நடுநிலையம் இதற்கு முதன்மைக் களமானது. கத்தோலிக்கரும் புரொட்டஸ்டன்ட் அறிஞரும் சேர்ந்து உழைத்த 'திருவிவிலியம்' பொது மொழிபெயர்ப்பு 1995இல் வெளியாயிற்று. செங்கல்பட்டு மறைமாவட்டம் 2002இல் தனியே அமைந்தது. அச்சிறுப்பாக்கம் மழை மலை மாதா திருத்தலம், மழை வேண்டிய செபத்தின் நினைவைத் தன் பெயரிலேயே தாங்கி நிற்கிறது.

நடைமுறை

குடும்ப ஜெபத்தின் அமைப்பு எளியது. முதலில் ஒரு கீர்த்தனை அல்லது பாமாலைப் பாட்டு. அடுத்து ஓர் அதிகாரத்தை ஆளுக்கொரு வசனமாகச் சுற்றிப் படிப்பார்கள்; எழுத்துக்கூட்டும் பிள்ளைக்கும் அதில் முறை உண்டு. பிறகு ஒருவர் நோயாளிகளையும் பரீட்சை எழுதுவோரையும் பயணம் போனவர்களையும் பெயர் சொல்லி ஜெபிப்பார். பரமண்டல ஜெபத்தோடு முடியும். புரொட்டஸ்டன்ட் வேதாகமத்தின் 66 ஆகமங்களில் 1,189 அதிகாரங்கள் உள்ளன. திங்கள் முதல் சனி வரை நாளுக்கு மூன்றும் ஞாயிறன்று ஐந்துமாகப் படித்தால் ஓராண்டில் முடிந்துவிடும். புத்தாண்டு ஆராதனையில் கிடைக்கும் வாக்குத்தத்த வசன அட்டை ஆண்டு முழுதும் சுவரில் இருக்கும்.

2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை காலையில் சுனாமியில் கோவளம் முதல் கல்பாக்கம் வரை கடல் ஊருக்குள் புகுந்தது. வலையைக் கரையில் இருக்கும்போதே பின்னி வைக்க வேண்டும். புயலில் உட்கார்ந்து பின்ன முடியாது என்பது கடற்கரையார் அறிந்த உண்மை. அன்றாட ஜெபத்தின் பயனும் அப்படிப்பட்டது. நல்ல நாளில் பழகிய சொல்லே கெட்ட நாளில் நாவில் நிற்கும்.

மதிப்பீடு

பரங்கிமலைக் கல்லில் பொறித்த வேண்டுதலை அறிஞர்கள் மட்டுமே வாசிக்க முடிந்தது. இன்று செங்கல்பட்டின் ஒரு சிறு வீட்டில் பள்ளிப் பிள்ளை தன் முறை வந்ததும் வசனத்தைத் தமிழில் உரக்கப் படிக்கிறது. மொழிபெயர்த்தவர், பள்ளி நடத்தியவர், நிலத்துக்காக மனுக் கொடுத்தவர், எழுத்தறியாமலே செபம் கற்பித்த தாய் ஆகிய எல்லாருடைய உழைப்பும் அந்த வாசிப்பில் இருக்கிறது. இவ்வட்டாரக் கிறிஸ்தவத்தின் வலிமை ஆலயக் கோபுரங்களை விட இந்த அன்றாட வாசிப்பிலேயே தங்கியுள்ளது.