'சைபர் செக்யூரிட்டி'யில் எம்.எஸ்.: இந்தப் பட்டம் எங்கிருந்து வந்தது?

போன மாதம் அக்கா பையன் வாட்ஸப்பில் கேட்டிருந்தான். "மாமா, ஒரு காலேஜ்ல எம்.எஸ். கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைச்சிருக்கு, இன்னொண்ணுல எம்.எஸ். சைபர் செக்யூரிட்டி. எனக்கு செக்யூரிட்டிலதான் வேலை வேணும். எதுல சேரட்டும்?"

ரெண்டாவதுதானே என்று டைப் அடிக்கப் போய் நிறுத்திவிட்டேன். அக்கா வீட்டுப் பத்திரத்தை வைத்துத்தான் கடன் வாங்கப் போகிறார்கள். இந்தப் பட்டம் எப்போது, எதற்காக உண்டானது என்று எனக்கே சரியாகத் தெரியாது. ரெண்டு வாரம் டைம் கேட்டுவிட்டுத் தேட ஆரம்பித்தேன்.

கதை 1988 நவம்பர் 2 இரவில் தொடங்குகிறது. ராபர்ட் டாப்பன் மாரிஸ், கார்னெல் பல்கலைக்கழகத்தில் மேல்படிப்பு மாணவர். எம்.ஐ.டி. கம்ப்யூட்டர் ஒன்றிலிருந்து அவர் அவிழ்த்துவிட்ட வோர்ம் அன்றைய இன்டர்நெட்டைப் படுக்க வைத்தது. வழக்கமாகச் சொல்லும் கணக்கு சுமார் 6,000 இயந்திரங்கள். அது மதிப்பீடுதான், யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. (அவருடைய அப்பா அமெரிக்காவின் என்.எஸ்.ஏ.வில் கம்ப்யூட்டர் பாதுகாப்பு விஞ்ஞானி. சினிமாவில் வைத்தால் நம்ப மாட்டோம்.)

அந்த வோர்மைப் பிரித்து மேய்ந்து அறிக்கை எழுதியவர்களில் முக்கியமானவர் பர்டூ பல்கலைக்கழகத்தின் ஜீன் ஸ்பாஃபோர்ட். அவர் முனைவர் பட்டம் வாங்கியது செக்யூரிட்டியில் இல்லை, டிஸ்ட்ரிபியூட்டட் ஆபரேட்டிங் சிஸ்டத்தில். இன்னொரு பக்கம் எம்.ஐ.டி. ஆட்களும் அதைப் பிரித்துப் படித்தார்கள். அவர்கள் கையிலும் செக்யூரிட்டி பட்டம் கிடையாது. ஃபிங்கர் சர்வரில் பஃபர் வழிந்து ஓடுவதையும், சென்ட்மெயிலில் டீபக் வாசல் திறந்து கிடந்ததையும் கண்டுபிடிக்க, சிஸ்டம் உள்ளே எப்படி ஓடுகிறது என்று தெரிந்திருந்தால் போதுமாக இருந்தது. அதே மாதம் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் 'செர்ட்' அமைப்பு வந்தது. அது அவசர உதவிக்கான ஏற்பாடு, பாடத்திட்டம் அல்ல.

படிப்பு என்று வந்தது 1992இல், கடலுக்கு இரண்டு கரையிலும்.

லண்டனுக்கு வெளியே எகாம் என்ற ஊரில் இருக்கும் ராயல் ஹாலோவே கல்லூரி அந்த வருடம் இன்ஃபர்மேஷன் செக்யூரிட்டிக்கென்றே ஒரு எம்.எஸ்சி. தொடங்கியது. உலகத்தில் இதுதான் முதல். இதற்குப் பின்னால் இருந்த ஃப்ரெட் பைப்பர் ஒரு கணிதக்காரர், ப்ரொஜெக்டிவ் பிளேன் பற்றிப் புத்தகம் எழுதியவர். அங்கிருந்து கிரிப்டோகிராஃபிக்கு வந்தவர். ஆனால் படிப்பைக் கணிதத்தோடு நிறுத்தவில்லை, செக்யூரிட்டி மேனேஜ்மென்ட்டையும் சேர்த்தார்கள். கம்பெனிகளுக்கு வேண்டியது வெறும் சங்கேத நிபுணர் இல்லையே.

பர்டூவில் அதே வருடம் 'கோஸ்ட்' என்ற ஆய்வுக்கூடம். ஸ்பாஃபோர்டும், எண் கோட்பாட்டுக்காரரான சாமுவேல் வாக்ஸ்டாஃபும் தொடங்கியது. இங்கே பட்டம் என்னவோ பழைய கம்ப்யூட்டர் சயின்ஸ்தான். செக்யூரிட்டி என்பது நீங்கள் எந்த ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்து என்ன கட்டுகிறீர்கள் என்பதில் இருந்தது. ஃபைல்கள் மாறியிருக்கிறதா என்று பார்க்கும் 'டிரிப்வயர்' கருவியை ஜீன் கிம் ஸ்பாஃபோர்டோடு சேர்ந்து எழுதியது அங்கே படிக்கும்போதுதான். அதற்கு முன்பே டான் ஃபார்மர் 'காப்ஸ்' எழுதியிருந்தார். இவர்கள் ரெண்டு பேரும் அப்போது இளங்கலை மாணவர்கள்! இதைப் படித்தபோது என் காலேஜ் ப்ராஜெக்ட்டை நினைத்துக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

1997 பிப்ரவரியில் ஸ்பாஃபோர்ட் அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன்னால் சாட்சி சொன்னார். நாட்டில் செக்யூரிட்டிக்கென்று உருப்படியான மையங்கள் நாலே நாலு. ஐந்து வருடத்தில் கொடுக்கப்பட்ட கம்ப்யூட்டர் முனைவர் பட்டங்கள் 5,000க்கு மேல், செக்யூரிட்டி ஆய்வுக்கு என்று அவர் எண்ணிச் சொன்னது 16. ஆளே இல்லாத துறைக்குப் பாடம் நடத்தவும் ஆள் இல்லை.

அதற்குப் பிறகுதான் அரசாங்கம் கவனித்தது. 1999இல் என்.எஸ்.ஏ. ஏழு பல்கலைக்கழகங்களுக்குச் 'சிறப்பு மையம்' என்று முத்திரை கொடுத்தது. பர்டூ அதில் ஒன்று. 2000 வாக்கில் பர்டூவிலும் பல துறைகள் சேர்ந்து நடத்தும் செக்யூரிட்டி முதுகலை வந்தது. அந்த மையத்தில் மொழியியல் பேராசிரியர் விக்டர் ராஸ்கின்கூட இருந்தார். முத்திரை வாங்கிய காலேஜ்கள் வருடா வருடம் கூடிக்கொண்டே போயின. 2008இல் ஸ்பாஃபோர்ட் வெளிப்படையாகவே எழுதினார்: இத்தனை பேர் எப்படிச் 'சிறப்பு' ஆக முடியும், இது 'போதுமான' மையம்தான் என்று. பர்டூ அந்த முத்திரையைப் புதுப்பிக்காமல் விட்டுவிட்டது.

எனக்கு இந்த இடம்தான் முக்கியமாகப் பட்டது. ஒரே பெயரில் இருக்கும் இந்தப் பட்டத்துக்குள் வேறு வேறு சரக்கு இருக்கிறது. ஒன்று கணிதத் துறை வழியாக வந்தது, ஒன்று சிஸ்டம் ஆய்வுக்கூடம் வழியாக. மூன்றாவது, ஆள் பற்றாக்குறையைத் தீர்க்க அவசரமாக வந்தது. இதில் நிறைய இடங்களில் பாலிசி, ஆடிட், ரிஸ்க் என்று போகும். அது தப்பில்லை, அதுவும் வேலைதான். பத்து வருடம் பேங்கில் வேலை பார்த்துவிட்டுப் போகிறவருக்கு அது பொருந்தும். 22 வயதில் கோட் பிரித்துப் பார்க்க ஆசைப்படும் பையனுக்கு அது ஏமாற்றமாகத்தான் இருக்கும்.

பையனுக்கு நான் பதில் சொல்லவில்லை, வேலை கொடுத்தேன். பட்டத்தின் பெயரை விடு, ரெண்டு காலேஜிலும் கட்டாயப் பாடம் என்னென்ன, யார் நடத்துகிறார்கள், அவர்கள் கடைசியாக என்ன எழுதினார்கள், மாணவர்கள் என்ன கட்டினார்கள் என்று பார்த்து எழுதி அனுப்பச் சொன்னேன்.

நேற்று ராத்திரி மெசேஜ் வந்தது. "மாமா, அந்த சைபர் செக்யூரிட்டி கோர்ஸ்ல ஆபரேட்டிங் சிஸ்டம் பேப்பரே இல்ல. ஆனா சி.எஸ். காலேஜ்ல ஒரு மேடம் ஃபர்ம்வேர் மேல லேப் வெச்சிருக்காங்க. அவங்களுக்கு மெயில் போடட்டுமா?"

போடுடா என்றேன்.