மன்றத்துக்குள் நுழைய ஒரு மொழி

அரசியல்வாதிக்கு ஆங்கிலம் அவசியமா? மலேசியத் தமிழர்களுக்கு இது புதிய கேள்வியல்ல. தோட்டக் காலத்திலிருந்தே தொடர்ந்து வரும் கேள்வி.

1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலை நிறுத்தத்தில் இறங்கினர். சீனத் தொழிலாளர்களுக்கு இணையான கூலி வேண்டும், துரையைக் கண்டதும் சைக்கிளை விட்டு இறங்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்று கேட்டனர். தமிழறிந்த அலுவலர்களை நியமிக்க வேண்டும் என்பதும் அவர்களின் கோரிக்கை. துரைக்கு ஆங்கிலம், தொழிலாளிக்குத் தமிழ்; நடுவே நின்றவர் கிராணி. குறையைச் சொல்லவும் இன்னொருவர் வாய் தேவைப்பட்டது. போராட்டத் தலைவர் ஆர்.எச். நாதன் நாடு கடத்தப்பட்டார். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் மாண்டனர்.

1948இல் அமைந்த மலாயாக் கூட்டரசில் சட்டமன்ற மொழிகளாக மலாயும் ஆங்கிலமும் மட்டுமே இருந்தன. மன்ற ஆங்கிலமோ கடைத்தெரு ஆங்கிலமன்று. மசோதாவின் மூன்று வாசிப்புகள், திருத்தம், ஒழுங்குப் பிரச்சினை, ஒத்திவைப்புத் தீர்மானம் என்று லண்டன் நாடாளுமன்றத்திலிருந்து வந்த தனி மொழி அது. ஆகவே முன்வரிசை வழக்கறிஞர்களுக்கே வாய்த்தது. 1946இல் ம.இ.கா.வின் முதல் தலைவரான ஜான் திவியும் வழக்கறிஞர்தான். அண்ணாமலைப் பல்கலைக்கழகப் பட்டதாரியான வீ.தி. சம்பந்தன் 1955இல் தலைமையேற்ற பிறகே கட்சிக்குள் தமிழ் ஓங்கி ஒலித்தது.

1957இல் ரீட் ஆணையம் ஒரு வழி காட்டியது. மலாயோ ஆங்கிலமோ சரளமாகப் பேச இயலாத உறுப்பினர், பத்தாண்டுகளுக்குச் சீன மொழியிலோ இந்திய மொழியிலோ பேசலாம் என்றது. இறுதி அரசியலமைப்பில் அந்தப் பரிந்துரை இடம்பெறவில்லை. தோட்டத் தமிழன் தன் மொழியிலேயே மன்றத்தில் முறையிடும் வாய்ப்பு அத்துடன் நழுவியது.

ஆங்கிலத்துக்குத் தரப்பட்ட பத்தாண்டுத் தவணை 1967இல் முடிந்தது. அவ்வாண்டு செப்டம்பர் 1ஆம் தேதி தேசிய மொழிச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதன்பின் நாடாளுமன்ற மொழி மலாய். அவைத் தலைவர் அனுமதித்தால் ஆங்கிலத்திலும் பேசலாம்.

அப்படியானால் ஆங்கிலத்துக்கு வேலை இல்லையா? உண்டு. 1967க்கு முன் இயற்றப்பட்ட சட்டங்கள் ஆங்கிலத்திலேயே எழுதப்பட்டவை. அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனத்தின் உடன்படிக்கைகளும் ஆங்கிலத்தில் உள்ளன. தொழிலாளர் உரிமைக்கு வாதாடுபவர் ஒரு சொல்லின் சட்டப் பொருளைத் தவறவிட்டால், இழப்பு அவருக்கல்ல, அவரை நம்பியவர்களுக்கே.

பிரிக்பீல்ட்ஸின் முதன்மைச் சாலை இன்று துன் சம்பந்தன் பெயரைத் தாங்கி நிற்கிறது. பெயர்ப்பலகையோடு மனநிறைவு கொண்டால் போதுமா? கிளைத் தலைவர்களுக்கு மேடைப் பேச்சோடு, மசோதாவைப் படிக்கவும், வரவு செலவுத் திட்டத்தை அலசவும், எழுத்துவழிக் கேள்வி தொடுக்கவும் மலாயிலும் ஆங்கிலத்திலும் பயிற்சி தர வேண்டும். மக்களின் துயரைத் தமிழில் கேட்டு, மன்றத்தின் மொழியில் குறையாமல் சொல்பவரே இச்சமுதாயத்துக்குத் தேவை. இனியும் நடுவில் ஒரு கிராணி வேண்டாம்.