அறிவிப்பாளர்களாக வளர்ந்த சிறுவர்கள்



ஸஹீஹுல் புகாரியின் கல்வி பற்றிய பகுதியிலே, ஒரு சிறுவன் செவியேற்ற செய்தி எந்த வயதிலிருந்து ஏற்றுக்கொள்ளப்படும் என்ற கேள்வியைத் தலைப்பாகக் கொண்ட பாடம் ஒன்று உண்டு. அதில் இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் (ஹிஜ்ரி 194 - 256) பதிவு செய்துள்ள செய்திகளுள் ஒன்று, முதற் பார்வைக்கு மிகச் சிறியது. அன்ஸாரிகளைச் சேர்ந்த மஹ்மூத் இப்னுர் ரபீஃ (ரழி) அவர்கள், தாம் ஐந்து வயதுச் சிறுவராக இருந்தபோது நபி (ஸல்) அவர்கள் ஒரு வாளியிலிருந்து வாயில் நீரெடுத்துத் தமது முகத்தில் தெளித்தது தமக்கு நினைவிருப்பதாக அறிவிக்கிறார்கள். சிறுவரோடு விளையாடும் பொருட்டோ, பரக்கத்தை நாடியோ நபியவர்கள் இவ்வாறு செய்தார்கள் என விரிவுரையாளர்கள் விளக்கம் தருகிறார்கள்.

அது ஒரு யுத்தமன்று, உடன்படிக்கையுமன்று. முகத்தில் பட்ட ஒரு வாய்த் தண்ணீர். ஆயினும் அந்தச் சிறுவர் அதனை மறக்கவில்லை. ஹதீஸ் கலை அறிஞர்களில் பலர், செவியேற்பதற்குரிய வயது ஐந்து என வரையறுப்பதற்கு இதனையே ஆதாரமாகக் கொண்டனர். அதாவது, ஐந்து வயதுப் பிள்ளை சாட்சியாக இருக்கத் தகுதி பெறுகிறது என்பதை நமது கல்வி மரபு பன்னெடுங்காலத்திற்கு முன்பே ஏற்றுக்கொண்டுவிட்டது.

பெற்றோர்களே! உங்கள் வீட்டிலும் அந்த வயதை ஒத்த ஒரு பிள்ளை இருக்கக்கூடும். அந்தப் பிள்ளை உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. நாற்பது ஆண்டுகளின் பின்னர் அது உங்களைப் பற்றி எதனை அறிவிக்கும்?

பத்து ஆண்டுகளின் சாட்சி

மதீனாவின் இல்லறச் சூழலை நாம் இவ்வளவு நுணுக்கமாக அறிந்திருப்பதற்கு முக்கிய காரணங்களுள் ஒன்று, அங்கு வளர்ந்த பிள்ளைகளே பின்னர் அறிவிப்பாளர்களாக ஆனமையாகும். அவர்களுள் அனஸ் இப்னு மாலிக் (ரழி) அவர்கள் தனியிடம் பெறுகிறார்கள். நபி (ஸல்) அவர்கள் கி.பி. 622இல் மதீனா வந்தடைந்தபோது அவருக்கு வயது சுமார் பத்து. தாயார் உம்மு ஸுலைம் (ரழி) அவர்கள் தமது மகனை நபியவர்களின் பணிவிடைக்காக ஒப்படைத்தார்கள். நபியவர்கள் வபாத்தாகும் வரை, ஏறத்தாழ பத்து ஆண்டுகள் அவர் அந்த வீட்டில் பணி புரிந்தார். பிற்காலத்தில் பஸராவில் குடியேறி, நீண்ட ஆயுளுடன் வாழ்ந்து, ஹிஜ்ரி 93 அளவில் மறைந்தார். அவர் அறிவித்த ஹதீஸ்கள் 2286 எனக் கணக்கிடுவர்.

இத்தனை நீண்ட வாழ்நாளின் பின்னும் அவர் நன்றியோடு நினைவுகூர்ந்தது என்ன தெரியுமா? அந்தப் பத்து ஆண்டுகளில் நபியவர்கள் தம்மை நோக்கிச் சலிப்பின் ஒரு சொல்லையேனும் உதிர்த்ததில்லை, செய்த ஒன்றை ஏன் செய்தாய் என்றோ, செய்யாத ஒன்றை ஏன் செய்யவில்லை என்றோ கடிந்ததில்லை என்பதையே.

அனஸ் (ரழி) அவர்கள் தவறே செய்யாத பிள்ளையாக இருந்தார் என எண்ண வேண்டாம். ஸஹீஹ் முஸ்லிமில் அவரே தம்மைப் பற்றி ஒரு செய்தி கூறுகிறார். ஒரு நாள் நபியவர்கள் அவரை ஓர் அலுவலாக அனுப்பினார்கள். போகும் வழியில் கடைவீதியிலே சிறுவர்கள் விளையாடுவதைக் கண்டு அவர் அங்கு தங்கிவிட்டார். திடீரெனப் பின்னாலிருந்து ஒருவர் அவரது பிடரியைப் பற்றினார். திரும்பிப் பார்த்தால் நபியவர்கள் சிரித்துக்கொண்டு நின்றார்கள். பெயரைச் செல்லமாகச் சுருக்கி அழைத்து, சொன்ன இடத்திற்குப் போனாயா என்று மாத்திரமே வினவினார்கள். இதோ போகிறேன் என்றார் சிறுவர். விடயம் அத்துடன் முடிந்தது.

நம்மில் ஒருவர் பிள்ளையைக் கடைக்கு அனுப்பி, அது திரும்பி வரத் தாமதித்தால் வாசலில் எவ்வாறு நின்றுகொண்டிருப்போம் என்பதை நான் விவரிக்க வேண்டியதில்லை.

குருவியும் குதிரையும்

உம்மு ஸுலைம் (ரழி) அவர்களுக்கும் அபூ தல்ஹா (ரழி) அவர்களுக்கும் பிறந்த சிறுவர் ஒருவர் இருந்தார். அபூ உமைர் என்பது அவரை அழைக்கும் பெயர். பால்குடி மறந்த பருவம். அவரிடம் விளையாடுவதற்கு ஒரு சின்னஞ்சிறு குருவி இருந்தது. ஒரு முறை நபியவர்கள் அவ்வீட்டுக்கு வந்தபோது சிறுவர் கவலையோடிருந்தார். குருவி இறந்துவிட்டதெனக் கூறப்பட்டது. நபியவர்கள் அச்சிறுவரை நோக்கி, அவரது பெயரோடு ஓசை இயையும் வண்ணம், குருவிக்கு என்ன நேர்ந்தது என விசாரித்தார்கள்.

இதனை அறிவிப்பவர் யார்? அச்சிறுவரின் தாய்வழிச் சகோதரரான அதே அனஸ் (ரழி) அவர்கள்தாம். இளைஞர்களே! உங்களுக்கும் இதில் பங்குண்டு. வீட்டிலுள்ள தம்பி, தங்கையின் சிறு துயரத்தை மூத்த சகோதரர் ஒருவர் கவனித்து மனதில் பதித்துக்கொண்டதனால்தான் இச்செய்தி நம்மை வந்தடைந்தது.

ஷாஃபிஈ மத்ஹபின் அறிஞரான இப்னுல் காஸ் (ரஹ்) அவர்கள் (மறைவு ஹிஜ்ரி 335) இந்த ஒரு ஹதீஸுக்காகவே தனியானதொரு சிறு நூலை எழுதி, அதிலிருந்து சுமார் அறுபது படிப்பினைகளை எடுத்துக்காட்டினார்கள். நம் நாட்டு முஸ்லிம்களில் பெரும்பாலானோர் பின்பற்றி வரும் மத்ஹபின் அறிஞர் ஒருவர், ஒரு சிறு பிள்ளையின் குருவி பற்றிய உரையாடலைத் தமது பேனாவுக்குத் தகுதியானதாகக் கருதினார் என்பதை நாம் சிந்திக்க வேண்டும்.

விளையாட்டுப் பொருட்களும் அந்த மதீனாவில் இருந்தன. கைபரிலிருந்தோ தபூக்கிலிருந்தோ நபியவர்கள் திரும்பி வந்த சமயம், ஆயிஷா (ரழி) அவர்களின் இல்லத்தில் காற்றடித்துத் திரை விலகியபோது பொம்மைகள் தென்பட்டன. அவற்றின் நடுவே துணியால் சிறகுகள் பொருத்திய ஒரு குதிரையும் இருந்தது. குதிரைக்குச் சிறகா என்று கேட்டபோது, சுலைமான் (அலை) அவர்களிடம் சிறகுள்ள குதிரைகள் இருந்தனவே என்ற பதில் வந்தது. அதைக் கேட்டு நபியவர்கள் கடைவாய்ப் பற்கள் தெரியுமளவுக்குச் சிரித்தார்கள் என அபூதாவூதில் பதிவாகியுள்ளது.

ருபைய்யிஃ பின்த் முஅவ்வித் (ரழி) என்னும் அன்ஸாரிப் பெண்மணி மற்றொரு செய்தியைத் தருகிறார்கள். ஆஷூரா நாளில் தாமும் நோன்பு நோற்றுத் தமது பிள்ளைகளையும் நோற்கச் செய்வார்களாம். பிள்ளைகளுக்காகக் கம்பளியால் விளையாட்டுப் பொருட்களைச் செய்து வைத்திருப்பார்கள். பசியால் ஒரு பிள்ளை அழுதால் அதைக் கையில் கொடுப்பார்கள். நோன்பு திறக்கும் நேரம் வரை பிள்ளை அதில் மனம் செலுத்தும். ஓர் இபாதத்தைப் பழக்குவதற்கு அந்தத் தாய்மார் கையாண்டது பிரம்பையன்று, அதட்டலையுமன்று. முன்கூட்டியே தம் கைகளால் செய்து வைத்த ஒரு விளையாட்டுப் பொருளையே கையாண்டார்கள். இன்று நாம் பிள்ளையின் அழுகையை நிறுத்தக் கையடக்கத் தொலைபேசியை நீட்டிவிட்டு அகன்று விடுகிறோம். அவர்களோ அப்பிள்ளைக்காகத் தமது நேரத்தைச் செலவிட்டிருந்தார்கள்.

மஸ்ஜிதுந் நபவியில் சிறுவர்கள்

வீட்டில் மட்டுமா இந்நிலை? தமது பேத்தி உமாமா (ரழி) அவர்களைச் சுமந்தவாறு நபியவர்கள் தொழுகை நடத்தினார்கள். ஸுஜூதுக்குச் செல்லும்போது இறக்கி வைத்து, எழும்போது தூக்கிக்கொண்டார்கள். குழந்தையின் அழுகுரல் கேட்டால், தாயின் உள்ளம் படும் பாட்டை எண்ணித் தொழுகையைச் சுருக்கினார்கள். ஹஸன், ஹுஸைன் (ரழி) இருவரும் சிவப்பு நிறச் சட்டை அணிந்து தடுமாறித் தடுமாறி வருவதைக் கண்டதும் குத்பாவை இடைநிறுத்தி, மிம்பரிலிருந்து இறங்கிச் சென்று அவர்களைத் தூக்கி வந்தார்கள்.

பின் வரிசையில் நிற்கும் சிறுவனை அதட்டி வெளியே அனுப்பும் பெரியவர்கள் இவ்வரலாற்றை ஒரு முறை நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும். பள்ளிவாசலைப் பற்றி அந்தச் சிறுவன் சுமந்து செல்லப் போகும் முதல் நினைவு எதுவாக இருக்கும்?

காலித் இப்னு ஸயீத் (ரழி) அவர்களின் மகள் உம்மு காலித் (ரழி) அபீஸீனியாவில் பிறந்தவர். ஹிஜ்ரி 7ஆம் ஆண்டில் (கி.பி. 628) அங்கிருந்த முஹாஜிர்கள் திரும்பி வந்தபோது சிறுமியாக மதீனா வந்து சேர்ந்தார். ஒரு நாள் மஞ்சள் நிறச் சட்டையணிந்து தந்தையோடு நபியவர்களிடம் சென்றார். அழகாக இருக்கிறது என்பதை நபியவர்கள் அரபியில் கூறாது, அச்சிறுமி வளர்ந்த நாட்டின் அபீஸீனிய மொழிச் சொல்லாலேயே கூறினார்கள். சிறுமி துணிவு பெற்று, நபியவர்களின் தோள்களுக்கிடையே இருந்த நபித்துவ முத்திரையைத் தொட்டு விளையாடத் தொடங்கினார். தந்தை அதட்டினார். நபியவர்களோ அவளை விட்டுவிடுமாறு கூறினார்கள். இச்செய்தியையும் பிற்காலத்தில் நமக்கு அறிவித்தவர் அச்சிறுமியே. தந்தையின் அதட்டலும் அவருக்கு நினைவிருந்தது. நபியவர்களின் பரிவும் நினைவிருந்தது.

கண்டிப்பும் உண்டு, கோபம் இல்லை

அப்படியாயின் பிள்ளைகளைத் திருத்தவே கூடாதா என ஒரு தந்தை கேட்கலாம். நியாயமான கேள்வியே. அபூ ஹுரைரா (ரழி) அவர்கள் அறிவிக்கும் செய்தியில், சிறுவர் ஹஸன் (ரழி) ஸகாத் பொருளான பேரீச்சம்பழம் ஒன்றை எடுத்து வாயில் போட்டபோது, அதனை உமிழச் செய்வதற்காக நபியவர்கள் மழலைக்குப் புரியும் ஓசையை எழுப்பித் தடுத்தார்கள். ஸகாத் பொருளை நாம் உண்பதில்லை என்ற காரணத்தையும் சொன்னார்கள். உம்மு ஸலமா (ரழி) அவர்களின் மகன் உமர் உணவுத் தட்டின் எல்லாப் பக்கமும் கையைத் துழாவியபோது, அல்லாஹ்வின் பெயர் கூறி, வலது கையால், தனக்கு அருகிலுள்ளதை உண்ணுமாறு கற்பித்தார்கள். அன்று முதல் தமது உண்ணும் முறை அதுவாகவே ஆகிவிட்டது என அவர் கூறுகிறார். ஹறாம் தடுக்கப்பட்டது, ஒழுங்கு கற்பிக்கப்பட்டது. ஆனால் குரல் உயரவில்லை; பிள்ளை அவமானப்படுத்தப்படவில்லை.

கோபம் எழுவது மனித இயல்பு. அதனால்தான் மார்க்கம் அதற்குச் செயல்முறையான பரிகாரத்தைக் காட்டியது. அபூதர் (ரழி) அவர்கள் தமது நீர்த்தொட்டியருகே நின்று நீர் புகட்டிக்கொண்டிருந்தபோது, ஒருவர் வந்து அத்தொட்டியை உடைத்துவிட்டார். நின்றுகொண்டிருந்த அபூதர் (ரழி) அவர்கள் உடனே அமர்ந்தார்கள், பின்னர் படுத்துக்கொண்டார்கள். வியப்போடு காரணம் வினவப்பட்டபோது, கோபம் வந்தால் நிற்பவர் உட்கார வேண்டும், அப்போதும் தணியாவிடில் படுத்துக்கொள்ள வேண்டும் என்ற நபிமொழியை எடுத்துரைத்தார்கள்.

இதை எழுதும் நானும் இப்பாடத்தில் தேறியவன் அல்லன். ஒரு வெள்ளிக்கிழமை நற்பண்புகள் பற்றிக் குத்பா நிகழ்த்திவிட்டு வீடு திரும்பினேன். எனது கிதாப் ஒன்றின் பக்கங்களில் சிறு மகன் பேனாவால் கோடுகள் இழுத்து வைத்திருந்தான். என்னை மறந்து சத்தமிட்டேன். அவன் ஓடிச்சென்று தாயின் பின்னால் ஒளிந்துகொண்டான். வாப்பாவைப் போல எழுதிப் பார்த்தான் என மனைவி மெதுவாகக் கூறியபோதுதான் நான் உட்கார்ந்தேன். மக்கள் செவிமடுத்தது எனது குத்பாவை. மகன் செவிமடுத்தது எனது சத்தத்தை. பின்னர் அவனை அழைத்து மடியில் இருத்தி மன்னிப்புக் கேட்டேன். அதனால் வாப்பாவின் மரியாதை குறைந்துவிடவில்லை.

அறிஞர்கள் கண்ட உண்மை

இம்மரபைப் பின்வந்த அறிஞர்களும் பேணினார்கள். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் (கி.பி. 1058 - 1111) தமது இஹ்யா உலூமித்தீனில், மக்தப் விட்டு வரும் பிள்ளைக்கு நல்ல விளையாட்டுக்கு அனுமதியளிக்க வேண்டும் என்றும், விளையாட்டைத் தடுத்து எந்நேரமும் கல்வியிலேயே வருத்துவது அதன் உள்ளத்தை மரத்துப்போகச் செய்யும் என்றும் அறிவுறுத்துகிறார்கள். இப்னு கல்தூன் (ரஹ்) அவர்கள் (கி.பி. 1332 - 1406) முகத்திமாவில், கடுமையோடு வளர்க்கப்படும் பிள்ளை உற்சாகத்தை இழந்து, தண்டனைக்கு அஞ்சிப் பொய்யையும் சூதையும் கற்றுக்கொள்கிறது என விளக்குகிறார்கள். பிள்ளை பொய் சொல்கிறதே என முறையிடுவோர், அப்பொய்யைக் கற்பித்தது தமது கடுமையா என ஆராய்ந்து பார்ப்பது கடமையாகும்.

தமீம் கோத்திரத் தலைவர் அக்ரஃ இப்னு ஹாபிஸ் (ரழி) அவர்கள், நபியவர்கள் பேரர் ஹஸனை முத்தமிடுவதைக் கண்டு, தமக்குப் பத்துப் பிள்ளைகள் இருந்தும் ஒருவரையேனும் முத்தமிட்டதில்லை என்றார்கள். இரக்கம் காட்டாதவர் இரக்கம் காட்டப்பட மாட்டார் என்பதே நபியவர்களின் பதிலாக அமைந்தது.

கண்ணியமிக்க பெற்றோர்களே! அன்பின் இளைஞர்களே! இன்றிரவு உங்கள் வீட்டில் ஏதேனும் ஒன்று உடையலாம், கொட்டுப்படலாம், அல்லது ஒரு பிள்ளை உறங்க மறுத்து அழலாம். அவ்வேளையில் அஊது ஓதுங்கள், நின்றால் உட்காருங்கள். உட்கார்ந்த பின் பிள்ளையின் முகத்தைப் பாருங்கள். நாளை உங்களைப் பற்றி அறிவிக்கப்போகும் அறிவிப்பாளர் உங்கள் முன்னே நிற்கிறார்.

எங்கள் பிள்ளைகளைக் கண்குளிர்ச்சியாகவும், எங்களை அவர்களுக்கு நல்ல முன்மாதிரியாகவும் அல்லாஹு தஆலா ஆக்கியருள்வானாக! ஆமீன்.