பழனிமலைப் பிரதேச அபிவிருத்தி

பழனிமலைப் பிரதேச அபிவிருத்தி: மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து கிழக்கே கிளைத்து, பெரும்பாலும் திண்டுக்கல் மாவட்டத்தில் அடங்கிய பழனி மலைகளின் சிற்றூர்களுக்கும் சமவெளிக்கும் இடையேயுள்ள பொருளாதார, சமூக ஏற்றத்தாழ்வைக் குறைக்க அரசு மேற்கொண்ட முயற்சிகள்.

பூர்வ நிலை: 1845-இல் அமெரிக்க மதுரை மிஷன் பாதிரிமார் தேக ஆரோக்கியம் கருதிக் கொடைக்கானலில் இல்லங்கள் அமைத்தது முதல், மலைக்கு வந்த வசதிகள் பெரும்பாலும் கோடைவாசிகளை நாடியே வந்தன. பெரியகுளம் பக்கமாக டோலியிலும் கால்நடையாகவும் ஏறிய பழைய பாதைக்கு மாற்றாக, முதல் உலகப் போர்க் காலத்தில் லாஸ் காட் மோட்டார் சாலை அமைந்தபின் நகரம் செழித்தது; பழைய பாதையிலிருந்த வெள்ளகவிச் சிற்றூரோ, பிணியாளரைத் தூக்கிச் சுமக்க வேண்டிய நிலையிலேயே நெடுங்காலம் இருந்தது.

திட்ட காலம்: ஐந்தாம் ஐந்தாண்டுத் திட்டத்தில், 1974–75-இல், மத்திய அரசின் விசேஷ நிதியுதவியோடு மேற்குத் தொடர்ச்சி மலை மேம்பாட்டுத் திட்டம் தொடங்கிற்று; கொடைக்கானல் தாலுகாவும் அதில் இடம்பெற்றது. ஏறத்தாழ அதே வேளையில், 1975-இல், ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகமும் பின்தங்கிய பிரதேசங்களுக்கென அபிவிருத்தி நிதியொன்றை நிறுவியது. அங்கே 1988-இன் சீர்திருத்தத்திற்குப்பின், தலா உற்பத்தி ஐரோப்பியச் சமூகச் சராசரியில் 75 சதவீதத்திற்குக் குறைந்த பிரதேசங்கள் முதலுரிமை பெற்றன; இங்கே தாலுகாக்களைத் தேர்ந்தெடுக்க, கடல்மட்டத்திற்கு மேல் 600 மீட்டர் உயரமே முக்கிய அளவுகோலாயிற்று. உயரம் பூமியின் கடுமையை அளக்கும்; ஆனால் ஒரே தாலுகாவிலுள்ள விடுதிகள் மலிந்த நகரத்திற்கும் பளியர் பழங்குடியினரின் குடியிருப்பிற்கும் இடையேயான வாழ்க்கை வேற்றுமையை அது அளக்க இயலாது. இதுவே இத்திட்டத்தின் அடிப்படைக் குறை.

பிற்கால மாற்றங்கள்: ஏழாம் ஐந்தாண்டுத் திட்டம் முதல் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முதன்மை பெற, மண்ணரிப்புத் தடுப்பும் நீர்ப்பிடிப்புப் பகுதிகளின் பராமரிப்பும் இணைப்புச் சாலைகளோடு சேர்ந்தன. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், பழங்குடியினர் தம் நிலத்தை உரிமையுடன் கோர வழி வகுத்தது. 2015–16-இல் மத்திய உதவி நின்றபின், தமிழக அரசு சிறப்புப் பகுதி மேம்பாட்டுத் திட்டமாகத் தன் நிதியிலேயே பணியைத் தொடர்ந்தது. 2019-இல் கொடைக்கானல் மலைப்பூண்டு பெற்ற புவிசார் குறியீடு, பூம்பாறை முதலிய ஊர்களின் உழவர்க்கு மலையின் பெயராலேயே சந்தையில் மதிப்புத் தேடித் தந்தது.

மதிப்பீடு: மலைக்கு நிதி ஒதுக்குவது சமத்துவத்தின் முதற்படி மட்டுமே; தாலுகாவின் சராசரியை விடுத்து, சாலையும் மருத்துவமும் கல்வியும் கடைசிக் குடியிருப்பை எட்டினவா என்று கேட்டு அளக்கும் நிர்வாகமே பிரதேச நீதியை நிறைவேற்றும்.