பட்டுத்துணியில் பதிவான கடல்

கடலைக் கண்காணிக்கும் தானியங்கிக் கருவி என்றதும் நம் மனம் செயற்கைக்கோளையும் மின்னணு மிதவையையும் நாடுகிறது. ஆனால் கடலைப் பற்றிய மிக நீண்ட பதிவேடுகளுள் ஒன்று, மின்சாரமோ கணினியோ இன்றி, பட்டுத்துணிச் சுருளில் எழுதப்பட்டது.

ஆங்கிலேய விலங்கியலாளர் அலிஸ்டர் ஹார்டி 1925-இல் 'டிஸ்கவரி' கப்பலில் தென்முனைக் கடலுக்குப் புறப்பட்டபோது, நீரில் மிதந்தலையும் நுண்ணுயிரிகளாகிய பிளாங்டன்களை இடைவிடாது சேகரிக்கும் கருவியொன்றை உடன் கொண்டு சென்றார். 1931-இல் அதன் திருந்திய வடிவத்தை ஹல் துறைமுகத்து வணிகக் கப்பல்கள் வடகடலில் இழுத்துச் செல்லத் தொடங்கின. ஹெர்ரிங் மீன் எங்கே கூடும் என்பதை அதன் இரையைக் கொண்டு மீனவருக்கு உணர்த்துவதே நோக்கம்.

அமைப்பு எளியது. கப்பல் செல்லும் வேகத்தில் கருவியின் சுழலி சுழலும். அது பட்டுச்சுருளை மெல்ல நகர்த்தும். சிறு துளை வழியே புகும் நீரைப் பட்டு வடிகட்டும். சிக்கிய உயிர்களின் மேல் இன்னொரு பட்டு மூடிக்கொள்ள, இரண்டும் ஃபார்மலினில் பாதுகாக்கப்படும். பத்துக் கடல்மைலுக்கு ஏறத்தாழ பத்து சென்டிமீட்டர் துணி. எந்த அங்குலம் எந்த இடத்துக் கடல் என்பதைக் கரையில் கணக்கிட்டுவிடலாம்.

உலகப்போரில் பணி நின்றது, 1946-இல் மீண்டது. 1980-களின் இறுதியில் வந்த இடர் வேறுவகை. ஒரே அளவீட்டை ஆண்டுதோறும் தொடர்வது ஆய்வாகாது என்ற எண்ணம் வலுத்து, அரசு நிதி நழுவியது. 1990-இல் ஹார்டியின் பெயரில் தோன்றிய அறக்கட்டளை அதைக் காப்பாற்றியது. 2018 முதல் பிளிமத் நகரின் கடல் உயிரியல் சங்கம் அதை நடத்துகிறது.

காப்பாற்றியதன் பயன் விரைவில் விளங்கிற்று. வெப்பநீர் நாடும் சிற்றுயிர்கள் வடகிழக்கு அட்லாண்டிக்கில் ஏறத்தாழ பத்து அட்சப்பாகை வடக்கே நகர்ந்திருப்பதை 2002-இல் இப்பதிவுகள் காட்டின. 2004-இல் ரிச்சர்ட் தாம்சன் குழுவினர் பழைய பட்டுகளை ஆராய்ந்து, 1960-கள் முதலே அவற்றில் நுண்ணிய பிளாஸ்டிக் துணுக்குகள் சேர்ந்து பெருகிவந்ததைக் கண்டனர். கருவியில் சிக்கிய குப்பைகளைக் குறித்த பதிவேடோ 1957-இன் பிளாஸ்டிக் கயிற்றிலிருந்து தொடங்குகிறது.

ஹார்டி பிளாஸ்டிக்கைத் தேடவில்லை. மீனின் இரையைத் தேடினார். இன்றைய உணரிகள் நாம் கேட்ட கேள்விக்கு உடனடியாக எண்ணில் விடை தருகின்றன. பட்டு, கடலில் ஒரு துண்டையே எடுத்து வைத்துக்கொண்டது. ஆகவேதான் பின்வந்தவர்கள் புதிய கேள்விகளோடு அதனிடம் திரும்பிச் செல்ல முடிந்தது. 1980-களில் அந்தச் சுருள்கள் வீணென்று கைவிடப்பட்டிருந்தால், எதை இழந்தோம் என்பதுகூட நமக்குத் தெரிந்திராது.