நிகழ்தகவின் இரு எல்லைகள்

நிகழ்தகவு சுழிக்குக் கீழே இறங்காது, ஒன்றுக்கு மேலே ஏறாது என்று பள்ளிப் பாடநூல் ஒரே வரியில் சொல்லி முடிக்கிறது. அந்த இரு எல்லைகளும் கணிதத்துள் வந்து சேர்வதற்கு நெடுங்காலம் ஆயிற்று.

1654இல் பாஸ்கலும் ஃபெர்மாவும் கடிதங்களில் விவாதித்தது, பாதியில் நின்ற சூதாட்டத்தின் பணயத்தை எவ்வாறு பங்கிடுவது என்பதையே. பாஸ்கலின் எடுத்துக்காட்டில் இருவரும் ஆளுக்கு 32 காசு வைக்கின்றனர். முன்னிலையில் இருப்பவருக்கு 48, மற்றவருக்கு 16 என்று விடை வருகிறது. பணயத்தை இரட்டித்தால் விடையும் இரட்டிக்கும். காசால் அளக்கும் அளவைக்கு மேலெல்லை ஏது?

பேசல் நகரத்து யாக்கோபு பெர்னூலி இதை மாற்றினார். அவர் மறைந்து எட்டு ஆண்டுகள் கழித்து, 1713இல் வெளிவந்த நூலில், முழு உறுதியையே ஒன்று எனக் கொண்டு, நிகழ்தகவை அதன் பகுதியாக வரையறுத்தார். பணயம் எவ்வளவாயினும், மேற்கண்ட ஆட்டக்காரரின் வாய்ப்பு நான்கில் மூன்றுதான். பகுதி முழுமையை விஞ்ச இயலாது.

1933இல் ரஷ்யக் கணிதர் கொல்மொகோரோவ் இதனை அடிப்படை விதிகளாக்கினார். எந்த நிகழ்வின் எண்ணும் சுழியினும் குறையாது; நிகழக்கூடியவை அனைத்துக்கும் சேர்த்து ஒன்று; ஒருசேர நிகழ இயலாதவற்றின் எண்களைக் கூட்டலாம். ஒன்றைத் தாண்டலாகாது எனத் தனி விதி அவருக்குத் தேவைப்படவில்லை. நிகழ்வதன் எண்ணும் நிகழாமையின் எண்ணும் கூடி ஒன்றாகும். இரண்டுமே சுழியினும் குறையா. ஆகவே எதுவும் ஒன்றை மீறாது.

1942இல் இயற்பியலர் டிராக் எதிர்ம நிகழ்தகவையும், கடன்தொகையைப் போல, கணக்கில் ஏற்கலாம் என்றார். ஆயினும் சோதனை முடிவுகளில் அது தோன்றாது என்பதையும் அவரே கூறினார்.

இவ்வெல்லைகளின் பயன் நம் நாட்டிலேயே கண்கூடு. இந்திய வானிலை ஆய்வுத் துறை தென்மேற்குப் பருவமழையைப் பற்றாக்குறை முதல் மிகுமழை வரை ஐந்து வகையாக்கி, ஒவ்வொன்றுக்கும் சதவீதம் தருகிறது. மொத்தம் நூறுதான். ஒன்றைக் கூட்ட வேண்டுமெனில் மற்றொன்றைக் குறைத்தாக வேண்டும். மழையை நம்பி விதைப்பவருக்கு அந்த எண்கள் பயன்படுவது இக்கட்டுப்பாட்டினால்தான். மேடையில் “இருநூறு சதவீதம் உறுதி” என முழங்குபவரோ எதையும் விட்டுக்கொடுப்பதில்லை. அதனாலேயே அவர் சொல்லை எடைபோட வழியில்லை.